அம்மா வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் ஒரே மாதத்தில் ஆறு மடங்கானது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

தோ பாயோ மகன் | 11 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் தனியாக வசிக்கிறார். வயது 76. நான் செங்காங்கில் குடும்பத்துடன் இருக்கிறேன். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து வரும் அவருடைய மாதக் கட்டணம் என் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ முறையில் தானாகவே போய்விடுவதால், அந்த அறிக்கையை நான் ஒழுங்காகப் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஜூலை மாத அறிக்கையைத் தற்செயலாகத் திறந்தபோது, தண்ணீருக்கான வரிசையில் மட்டும் 31 கன மீட்டர், 100 வெள்ளி 44 காசு என்று இருந்தது. பழைய அறிக்கைகளைத் தேடியெடுத்து ஒப்பிட்டேன். வழக்கமாக மாதத்துக்கு 5 கன மீட்டர்தான் வரும். 16 வெள்ளி 20 காசுக்கு மேல் போனதில்லை.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. தொகையைச் சொன்ன நாளிலிருந்து அம்மா இதைத் தன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தாழ்வாரத்தில் வைத்திருக்கும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனபோது குளியலறையில் பார்த்தேன்: குளிக்கும் வாளியின் உட்புறத்தில், பாதி உயரத்தில், கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். அதற்கு மேல் பிடிப்பதில்லையாம்.

மீட்டரில் கோளாறு இருக்குமா? முதலில் பணத்தைக் கட்டிவிட்டு முறையிட வேண்டுமா, முறையிட்டுவிட்டுக் கட்ட வேண்டுமா? வீட்டுக்குள் எங்கும் ஈரமோ சொட்டுதலோ கண்ணில் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


அங் மோ கியோ அக்கா | 11 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

தம்பி, பதற வேண்டாம். முதலில் ஜூன் மாத அறிக்கையை எடுத்து, தண்ணீர் வரிசையில் இருக்கும் மீட்டர் அளவு உண்மையில் படிக்கப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா என்று பாருங்கள். பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஆள் வந்து அளவெடுப்பார். இடைப்பட்ட மாதத்துக்கு, முந்தைய பயன்பாட்டை வைத்து ஒரு மதிப்பீட்டைப் போட்டுவிடுவார்கள். ஆகவே ஜூன் மாதத்துக்கு 5 என்று வந்திருந்தாலும், அது மீட்டரைப் பார்த்து எழுதிய எண்ணாக இல்லாமல் இருக்கலாம். உண்மையான அளவு எடுக்கப்பட்ட ஜூலையில், ஜூன் மாதத்தில் விடுபட்டதும் சேர்ந்து ஒரே சுமையாக இறங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஆயிற்று. ஒரே மாதத்தில் நடந்ததாக எண்ணிக்கொண்டு, அந்த மாதம் ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினர்கள்மீது நான் பழி போட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கையில் வெள்ளியைப் பார்க்காதீர்கள், கன மீட்டரைப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணத் தள்ளுபடி வருகிறது. சிறிய வீடு என்றால் தள்ளுபடியும் அதிகம். அது மொத்தத் தொகையிலிருந்து கழிந்துவிடுவதால், கீழே கட்ட வேண்டிய தொகை குறைவாகவோ சுழியமாகவோ காட்டும். அந்த ஒற்றைத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்குத் தண்ணீர் எவ்வளவு ஓடியது என்பது தெரியவே தெரியாது. அதற்கு மேல் ஜைரோவும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை.

2023-இல் சிங்கப்பூரில் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் பயன்படுத்தினார். முப்பது நாளுக்கு அது 4 கன மீட்டரைச் சற்றுத் தாண்டும். பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 5 என்பது மிக இயல்பான அளவு. அவர் எதையும் வீணாக்கவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள்.


தோ பாயோ மகன் | 11 ஆகஸ்ட் 2025, இரவு 10.50

அக்கா சொன்னது சரிதான். ஜூன் மாதம் மதிப்பீடு. மே மாத இறுதியிலும் ஜூலை 24-ஆம் தேதியிலும் எடுத்தவை உண்மையான அளவுகள். மே மாதத்துக்கும் 5 என்றே இருந்தது.


குழாய்ப் பணியில் 31 ஆண்டு | 12 ஆகஸ்ட் 2025, காலை 6.20

தம்பி, அக்கா கொடுத்த விவரத்தையும் நீங்கள் கொடுத்த எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூனுக்கு 5, ஜூலைக்கு 31, ஆக இரண்டு மாதத்துக்கும் 36 கன மீட்டர். அம்மாவின் வழக்கமான பயன்பாடு பத்தைக் கழித்தால் மீதி 26 கன மீட்டர், அதாவது 26,000 லிட்டர். அதை அறுபது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 433 லிட்டர். மணிக்கு 18 லிட்டர். நிமிடத்துக்கு 300 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு தண்ணீர், நிமிடந்தோறும், இரவும் பகலும் நிற்காமல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கசிவு இடையில் தொடங்கியிருந்தால் வேகம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

இந்தக் கணக்கை அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு 433 லிட்டர் என்றால் பத்து லிட்டர் வாளியில் 43 வாளி. இரண்டு செடிக்கும் ஒரு குளியலுக்கும் எந்த மனிதரும் 43 வாளி கூடுதலாகச் செலவழிக்க முடியாது. இது கை திறந்துவிட்ட தண்ணீர் அல்ல. தானாகப் போன தண்ணீர்.

இப்போது செய்ய வேண்டியது. வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில் உள்ள குழாய்ப் பெட்டியைத் திறந்தால் பல வீடுகளின் மீட்டர்கள் அடுக்காக இருக்கும். உங்கள் வீட்டு எண் எழுதியிருப்பதைத் தேடுங்கள். ஒரு குழாயைத் திறந்து மூடிப் பார்த்து, அந்த மீட்டர்தான் அசைகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எதிர்வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டுக் கசிவே இல்லை என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் முகப்பில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் குறிக்கும், சிவப்பு எண்கள் லிட்டரைக் குறிக்கும். எண்களுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிறு சக்கரம் இருக்கும். எண்கள் நகராத அளவுக்கு மெல்லிய ஓட்டமாக இருந்தாலும் அந்தச் சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரவு அம்மா படுக்கப் போகும் நேரத்தில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்களைப் படம் எடுங்கள். காலையில் யாரும் தண்ணீரைத் தொடுவதற்கு முன் மீண்டும் எடுங்கள். வயதானவர், நடுவில் எழுந்து கழிவறைக்குப் போவார். போகக்கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை முறை போனார் என்று கேட்டு, முறைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டால் போதும். பழைய தொட்டி என்றால் ஒரு முறைக்கு ஒன்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்டர் ஓடியிருந்தால் அடுத்தது பிரித்துப் பார்ப்பது. நான் பார்த்தவரை, சுவரில் ஈரமில்லை, தரையில் சொட்டில்லை, ஆனால் மீட்டர் ஓடுகிறது என்று அழைத்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் கழிவறைத் தொட்டிதான் காரணம். தொட்டியிலிருந்து கசியும் தண்ணீர் நேராகக் கழிவறைக் கிண்ணத்துக்குள் இறங்கி, வடிகால் வழியே போய்விடுகிறது. அது எந்தத் தரையையும் நனைப்பதில்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் கேசரிப் பவுடர் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் தண்ணீர் விடாமல் காத்திருங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் போய்விட்டது. நிறம் தெரியாமல் மீட்டர் மட்டும் ஓடினால் சொல்லுங்கள். அது வேறு கதை.


பொங்கோல் வாசகர் | 12 ஆகஸ்ட் 2025, காலை 8.05

எல்லாரும் வீட்டுக்காரர்மீதே சோதனையைச் சுமத்துகிறீர்கள். மீட்டரும் ஓர் இயந்திரம்தான். அது பழுதடையக் கூடாதா? முதலில் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதே முறை என்பது என் கருத்து.


குழாய்ப் பணியில் 31 ஆண்டு | 12 ஆகஸ்ட் 2025, மதியம் 12.40

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. மீட்டரைச் சோதிக்கக் கோரும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் இயந்திர மீட்டர் எப்படிப் பழுதடைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை முதலில் செய்வது என்பது விளங்கும். அதற்குள் தண்ணீர் தள்ளிச் சுழலும் பாகம் காலப்போக்கில் தேய்கிறது. தேயத் தேய, மெல்லிய ஓட்டம் அதைச் சுழற்றாமலேயே நழுவிப் போய்விடும். எனவே பழைய மீட்டர் பெரும்பாலும் குறைத்துக் காட்டுமே தவிர, ஐந்தை முப்பத்தொன்றாகக் கூட்டிக் காட்டுவது அரிது. தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் வேறு: எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டு மீட்டரைப் படித்திருக்கலாம். அறிக்கையில் உள்ள கடைசி எண்ணைவிட இன்று மீட்டரில் உள்ள எண் குறைவாக இருந்தால் படித்ததில்தான் தவறு. இரண்டே நிமிடத்தில் அது தெரிந்துவிடும், படத்தோடு அனுப்பினால் திருத்திவிடுவார்கள். அப்படி இல்லையென்றால் இரவுச் சோதனைக்குப் போவதே நல்லது. மனு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு 433 லிட்டர் போகிறது அல்லவா?


பொங்கோல் வாசகர் | 12 ஆகஸ்ட் 2025, மதியம் 1.10

விளக்கத்துக்கு நன்றி ஐயா. கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன்.


செரங்கூன் தரைவீடு | 12 ஆகஸ்ட் 2025, மாலை 7.30

அடுக்குமாடிக்கும் தரைவீட்டுக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதால், எங்களுக்கு நேர்ந்ததையும் பதிவு செய்கிறேன். தரைவீட்டில் மீட்டர் வாசல் கேட்டருகே இருக்கும். அங்கிருந்து வீடு வரை குழாய் மண்ணுக்கடியில் போகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் முழுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. எங்கள் வீட்டில் கழிவறை, குழாய், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, எதிலும் குறையில்லை. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள பெரிய வால்வை மூடிய பிறகும் வாசலில் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. பல வாரங்களாக மழை சரியாக இல்லாத காலம். புல்தரை முழுவதும் பழுத்திருக்க, நடைபாதைக் கல்லின் ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் புல் பச்சையாக, உயரமாக, காலை வைத்தால் கொழகொழவென்று இருந்தது. என் மனைவி அதைப் பார்த்து, உரம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்.

பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குழாயையே மாற்றும் இத்தகைய வேலைக்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். குழாய்த்தலை மாற்றுவது, தொட்டிக்குள் ரப்பர் மாற்றுவது போன்ற சிறு வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்று, எங்கள் மாதப் பயன்பாடு 40 கன மீட்டரைத் தாண்டிவிட்டது. அந்த எல்லைக்கு மேல் விலை விகிதமே வேறு. தண்ணீர்ப் பாதுகாப்பு வரி 50 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடாகிறது. பெரிய குடும்பத்தில் கசிவும் சேர்ந்தால் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.


ஈசூன் வாடகைதாரர் | 12 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். பயனீட்டுக் கட்டணத்தை நால்வர் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம். கடந்த இரண்டு மாதமாகப் பங்கு இரட்டிப்பாகியிருக்கிறது. நாங்கள் அதிக நேரம் குளிப்பதே காரணம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இந்த இரவுச் சோதனையை வாடகைக்கு இருப்பவர் செய்யலாமா?


அங் மோ கியோ அக்கா | 12 ஆகஸ்ட் 2025, இரவு 9.25

தாராளமாகச் செய்யலாம் தம்பி. மீட்டர் தாழ்வாரத்தில்தானே இருக்கிறது. படம் எடுப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் சோதிக்கப் போவதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் இருவரும் சேர்ந்து அளவைப் பாருங்கள். தனியாகப் பார்த்துவிட்டுப் படத்தை நீட்டினால் அது சண்டையாகிவிடும், சேர்ந்து பார்த்தால் அவருக்கே கவலை வந்துவிடும். பழுதுபார்ப்புச் செலவு யாருடையது என்பது உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். படித்துப் பாருங்கள்.


தோ பாயோ மகன் | 13 ஆகஸ்ட் 2025, காலை 7.15

நேற்றிரவு அம்மா வீட்டிலேயே தங்கினேன். இரவு 10.30-க்கு மீட்டரில் கறுப்பு எண் 1482, சிவப்பு எண் 316. அதிகாலை 5.30-க்குச் சிவப்பு எண் 451. ஏழு மணி நேரத்தில் 135 லிட்டர். அம்மா ஒரு முறை எழுந்தார். பழைய தொட்டி, ஒன்பது லிட்டர் கழித்தால் 126. ஏழால் வகுத்தேன். மணிக்குச் சரியாக 18 லிட்டர் வந்தது. ஐயா போட்ட கணக்கை அப்படியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பார்த்தபோது எனக்குச் சற்று நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

பிறகு கேசரிப் பவுடர். அம்மாவின் சமையலறை அலமாரியில் தீபாவளிக்கு வாங்கியதில் மீதி இருந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு சிட்டிகை போட்டேன். தண்ணீர் ஆரஞ்சு நிறமாகியது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் கிண்ணத்தின் பின்புறச் சுவரில், விளிம்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய ஆரஞ்சுப் பூச்சு ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. சொட்டாகவோ தாரையாகவோ இல்லை. பீங்கானோடு ஒட்டிய ஏடு போல இருந்தது. நிறம் இல்லாமல் பார்த்திருந்தால் ஈரமான பீங்கான் என்றே நினைத்திருப்பேன். கீழே தேங்கியிருந்த தண்ணீரின் மேற்பரப்பு மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. காதைத் தொட்டியருகே வைத்தபோது உள்ளே தண்ணீர் நிரம்பும் மெல்லிய சீறல் கேட்டது. அம்மாவுக்குக் காது மந்தம். இத்தனை நாளாக அந்த ஒலி அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சுவரோரம் தொட்டிக்குத் தண்ணீர் போகும் சிறு வால்வை மூடிவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். மீட்டரின் சிறு சக்கரம் அசையாமல் நின்றது.


குழாய்ப் பணியில் 31 ஆண்டு | 13 ஆகஸ்ட் 2025, காலை 7.50

மிக நல்லது தம்பி. ஆள் வரும்வரை அந்த வால்வை மூடியே வையுங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம். மூடியைத் திறந்தபோது தண்ணீர் மட்டம் எங்கே இருந்தது என்று கவனித்தீர்களா? உள்ளே நிற்கும் வழிதல் குழாயின் வாய்க்குக் கீழே இருந்தால் அடி ரப்பர் மட்டும்தான் குறை. வாய்வரை ஏறி உள்ளே வழிந்துகொண்டிருந்தால் மிதவை சரியாக அடைக்கவில்லை என்று பொருள். அப்போது ரப்பரை மாற்றினாலும் ஓட்டம் நிற்காது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அடுத்த மாதமும் இதே கதைதான்.


தோ பாயோ மகன் | 13 ஆகஸ்ட் 2025, காலை 8.10

வழிதல் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது ஐயா. அடி ரப்பர்தான்.


தெங்கா புதுவீடு | 13 ஆகஸ்ட் 2025, மாலை 6.45

எங்கள் வட்டாரத்தில் திறன் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய திட்டம் இது. முதல் கட்டத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் மீட்டர்கள். ஜூரோங் வெஸ்ட், தெம்பனிஸ், ஹவ்காங் போன்ற இடங்களும் அதில் உண்டு. ஆள் வந்து படிக்கத் தேவையில்லை, மதிப்பீடும் இல்லை. அன்றாடப் பயன்பாட்டை இணையத்தில் பார்க்கலாம். கசிவு என்று சந்தேகம் வந்தால் எச்சரிக்கை வரும். எங்களுக்கு ஒரு முறை வந்தது. சமையலறைக் குழாயைச் சரியாக மூடாமல் ஊருக்குப் போய்விட்டோம். என் தங்கையிடம் சாவி இருந்ததால் அவர் போய் மூடினார். கட்டணம் வரும்வரை காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் தாயாரைப் போலத் தனியாக வசிக்கும் முதியோர் அதிகமுள்ள பழைய பேட்டைகளுக்கு இது விரைவாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.


பொங்கோல் வாசகர் | 13 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

கசிவு ஒரு பக்கம் இருக்கட்டும். விலையும் ஏறியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து ஒரு கன மீட்டர் 2 வெள்ளி 74 காசாக இருந்தது. 2024 ஏப்ரலில் 2 வெள்ளி 94 காசு, இந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து 3 வெள்ளி 24 காசு. அதே அளவு தண்ணீரைப் பயன்படுத்தும் வீட்டிலும் தொகை கூடித்தான் வரும்.


அங் மோ கியோ அக்கா | 13 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

உண்மைதான். விலையேற்றத்தை நான் மறுக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாத வீடுகளில் அது உறைக்கும். ஆனால் இந்த வழக்கில் அதன் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 5 கன மீட்டருக்கு 2018 விலையில் 13 வெள்ளி 70 காசு, இன்றைய விலையில் 16 வெள்ளி 20 காசு. ஏழு ஆண்டு விலையேற்றம் இரண்டரை வெள்ளி. கசிவோ இரண்டு மாதத்தில் 84 வெள்ளியைத் தாண்டிவிட்டது. தொகை திடீரென்று எகிறினால், விலையேறிவிட்டது என்று நமக்கு நாமே காரணம் சொல்லி அமைதியாகிவிடுகிறோம். அதனாலேயே கசிவு இன்னும் இரண்டு மாதம் ஓடுகிறது.

தம்பி, பழைய ஒன்பது லிட்டர் தொட்டியையே மாற்ற எண்ணினால், 2024 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளியாகத் தொடங்கப்பட்ட பருவநிலைப் பற்றுச்சீட்டை அம்மா பெற்றுக்கொண்டாரா என்று கேளுங்கள். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கழிவறைத் தொகுதி, குழாய்த்தலை, குளியல் பூவாளி ஆகியவற்றுக்கும் அது செல்லும். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகப் பெற வேண்டும் என்பதால் பல முதியோர் வாங்காமலேயே இருக்கிறார்கள்.


மரீன் பரேட் இல்லத்தரசி | 14 ஆகஸ்ட் 2025, காலை 10.20

இன்னோர் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துச் சூடேற்றும் வகைக் கொதிகலன் இருந்தால், அழுத்தத்தை வெளியேற்றும் வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் வடிகாலுக்குப் போகும். அந்த வால்வு முழுதாக மூடாவிட்டால் சூடுநீர் ஓயாமல் வடியும். தண்ணீரோடு மின்கட்டணமும் ஏறும். உடனடியாகச் சூடேற்றும் சிறு கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை.


தோ பாயோ மகன் | 15 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

அன்று மாலையே வட்டாரக் கடையிலிருந்து ஒருவர் வந்து, தொட்டியின் அடி வால்வை முழுவதுமாக மாற்றினார். எழுபது வெள்ளி ஆயிற்று. கழற்றியெடுத்த ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் தகடு போல இறுகி, விரலால் அழுத்தினால் கறுப்பு மையாக ஒட்டியது. விளிம்பில் அரிசி நீளத்துக்கு ஒரு வெடிப்பு. "இதுவா அந்த நூறு வெள்ளி?" என்று அம்மா கேட்டார். 43 வாளிக் கணக்கையும் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வளையத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினார்.

கட்டண அறிக்கை அனுப்பும் நிறுவனத்திடம் தொலைபேசியில் விசாரித்தேன். மீட்டரைக் கடந்த தண்ணீருக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணைக்குக் கோரலாம் என்றும் சொன்னார்கள். எனக்குத் தேவைப்படவில்லை, தேவைப்படுவோர் கெடு முடிவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.


குழாய்ப் பணியில் 31 ஆண்டு | 16 ஆகஸ்ட் 2025, காலை 6.35

இன்னும் ஒரு வேலை மீதி இருக்கிறது தம்பி. ஆகஸ்டு மாதம் மதிப்பீட்டு மாதம். ஜூலையின் பெருத்த பயன்பாட்டையும் கணக்கில் எடுத்து மதிப்பிட்டால், இல்லாத தண்ணீருக்கு இப்போது பணம் கேட்கும்; பிறகு உண்மை அளவு எடுக்கும்போதுதான் சரியாகும். அதற்கு இடம் கொடுக்காமல், அறிக்கை தயாராகும் நேரத்தில் நீங்களே மீட்டர் அளவை அந்த நிறுவனத்தின் கைப்பேசிச் செயலி வழியாக அனுப்பிவிடுங்கள். ஜூலை 24 முதல் வால்வை மூடிய 13 வரை இருபது நாள் கசிந்தது, அது ஏறக்குறைய 9 கன மீட்டர். அம்மாவின் ஐந்தையும் சேர்த்தால் 14 வரும். அந்த எண்ணைக் கண்டு மீண்டும் கசிகிறது என்று அஞ்ச வேண்டாம்.


ஈசூன் வாடகைதாரர் | 20 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

அக்கா சொன்னபடி வீட்டுக்காரரோடு சேர்ந்தே சோதித்தோம். எங்கள் வீட்டில் இரவில் மீட்டர் நகரவே இல்லை. பிறகு அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். தண்ணீர் வழக்கமான அளவுதான், மின்சாரம்தான் கூடியிருக்கிறது. இரண்டு மாதமாக வரவேற்பறையின் பழைய குளிர்சாதனத்தை இரவு முழுவதும் ஓடவிட்டிருந்தார்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு எங்கள் குளியலைக் குறை சொன்னதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார்.


தோ பாயோ மகன் | 5 அக்டோபர் 2025, மாலை 5.30

கேட்டவர்களுக்கும், பிற்காலத்தில் இந்த இழையைத் தேடி வருவோருக்கும் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆகஸ்டு அளவை நானே அனுப்பினேன். 14 கன மீட்டர் என்று வந்தது, ஐயா சொன்ன அதே எண். செப்டம்பரில் ஆள் வந்து படித்தார். 5 கன மீட்டர், 16 வெள்ளி 20 காசு. ஜைரோவை நிறுத்தவில்லை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறன்று அம்மா வீட்டுக்குப் போகும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன் குழாய்ப் பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். பற்றுச்சீட்டை அம்மா உண்மையிலேயே பெற்றிருக்கவில்லை. சிங்பாஸில் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். தொட்டியை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

வாளியின் கரிக்கோட்டை அவரே தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிட்டார். துளசி பிழைத்துக்கொண்டது, கறிவேப்பிலையில் பாதிக் கிளை காய்ந்துவிட்டதால் வெட்டிவிட்டோம், அடியிலிருந்து துளிர் வருகிறது. அவர் அந்த ரப்பர் வளையத்தை இன்னும் ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறார். எறிந்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.


குழாய்ப் பணியில் 31 ஆண்டு | 5 அக்டோபர் 2025, மாலை 6.10

அம்மா சொல்வது சரி தம்பி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதை எடுத்துப் போய், அதே அளவில் இன்னொன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொட்டிகளுக்கு அளவு காட்டாமல் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது.